சிங்கப்பூரில் தமிழுக்கு முழுநேர வானொலியும் தனி ஒளிவழியும் எப்படி வந்தன?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் கடைக்குக் கடை ஒலி 96.8 என்ற தமிழ் வானொலி கேட்கிறது, வாடகை வீட்டுத் தொலைக்காட்சியில் வசந்தம் என்ற தமிழ் ஒளிவழி (சேனல்) வருகிறது, இவ்வளவு சின்ன ஊரில் இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று வியந்து எழுதியிருக்கிறார். கேள்வி ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. தமிழர் தொகை கூடக் கூட ஒலிபரப்பும் வளர்ந்தது என்பது சரிதானா? இதை நடத்தும் மீடியாகார்ப் அரசு அலுவலகமா, தனியார் கம்பெனியா? இனிமேலும் இது நிலைக்குமா?

முதல் கேள்விக்கு நேர் பதில்: சரியில்லை. தமிழர் தொகையோ விளம்பர வருமானமோ இந்த வளர்ச்சிக்குக் காரணமாக இருந்ததில்லை. தமிழ் இங்கே ஆட்சிமொழி. அந்தத் தகுதி ஒரு பக்கம். நிறுவனம் புதிய ஒளிவழி திறக்கும்போதெல்லாம் கிடைத்த இடம் இன்னொரு பக்கம். இவை இரண்டும் கூடித்தான் நாம் இங்கு வந்து நிற்கிறோம். வானொலியின் தமிழ்ப் பிரிவில் நாடகம், செய்தி, நேர்காணல் என்று பல ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். விளம்பர விற்பனையும் இயக்குநர் சபையின் முடிவுகளும் என் வேலைக்கு அப்பாற்பட்டவை. அதனால் பதிவில் உள்ளது எது, என் ஊகம் எது என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை 1930களில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் என்ற தனியார் கம்பெனி கால்டிகாட் குன்றின்மேல் நிலையம் கட்டியது. 1937 மார்ச் 1ஆம் தேதி ஆளுநர் ஷென்டன் தாமஸ் அதைத் திறந்துவைத்தார். பணம் கட்டி உரிமம் வாங்கி வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் அன்று வெள்ளைக்காரர்களும் உள்ளூர்ச் செல்வந்தர்களும்தான். ஆகவே ஆங்கில நிகழ்ச்சிகளின் கையே ஓங்கியிருந்தது. 1940ல் அரசாங்கம் அந்தக் கம்பெனியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. போர் நெருங்கும் நேரத்தில் ஒலிபரப்பைத் தனியாரிடம் விட்டுவைக்க எந்த அரசுதான் சம்மதிக்கும்?

ஜப்பானியர் ஆட்சியில் கேத்தே கட்டடம் பிரசார வானொலியின் இருப்பிடமாயிற்று. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார்; அக்டோபர் 21ஆம் தேதி அதே கேத்தே அரங்கில் சுதந்திர இந்திய இடைக்கால அரசை அறிவித்தார். ஆசாத் ஹிந்த் வானொலி இந்திய மொழிகளில் பேசியது, தமிழும் அவற்றில் ஒன்று. வானொலி என்றால் பாட்டு என்றிருந்த நிலை மாறி, தன் மொழியில் தன்னை நோக்கி அரசியல் பேசும் குரல் ஒன்று உண்டு என்று இங்குள்ள தமிழ்த் தொழிலாளர்கள் உணர்ந்த காலம் அதுதான் என்பது என் எண்ணம். போர் முடிந்ததும் வந்த ரேடியோ மலாயாவில் ஆங்கிலம், மலாய், சீனம், இந்தியம் என்று பிரிவுகள் அமைந்தன. இந்தியப் பிரிவு என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் அது தமிழ்ப் பிரிவுதான். நான்கு மொழி என்ற சட்டகம் அப்போதே விழுந்துவிட்டது. பின்னால் வந்த எந்த மாற்றமும் அதை உடைக்கவில்லை.

1959 ஜனவரியில் மலாயாக் கூட்டரசின் வானொலி கோலாலம்பூருக்குப் போயிற்று. சிங்கப்பூருக்கென்று தனி வானொலி வந்தது. அன்று காசு கொடுத்துக் கேட்கும் இன்னொரு வானொலியும் இருந்ததை இளையவர்கள் அறிய மாட்டார்கள். 1949ல் தொடங்கிய ரீடிஃபியூஷன், கம்பி வழியாக வீடுகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் நிகழ்ச்சிகளைக் கொடுத்தது. சீனக் கிளைமொழிகளில் கதை சொல்லியே பெரிய கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. சந்தாவை நம்பிய தொழில், சந்தா அதிகம் வரும் மொழிக்குத்தான் போகும். தமிழர்களுக்கு அரசு வானொலியை விட்டால் வேறு கதி இல்லை.

தொலைக்காட்சி வந்த நாள் 1963 பிப்ரவரி 15. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம் தொடங்கிவைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் அவர். முதல் நாள் ஒளிபரப்பு 1 மணி 40 நிமிடம். ஏப்ரல் 2ஆம் தேதி அன்றைய நாட்டுத் தலைவர் (யாங் டி-பெர்துவான் நெகாரா) யூசோஃப் இஷாக் முறையான சேவையைத் தொடங்கிவைத்தார். வீட்டில் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் சமூக மன்றத்தில் கூடிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது ஒளிவழியும் வந்துவிட்டது. ஒளிவழி 5ல் மலாயும் ஆங்கிலமும், ஒளிவழி 8ல் சீனமும் தமிழும் என்று பங்கு பிரித்தார்கள். 1966 ஆகஸ்டில் கால்டிகாட் குன்றில் தொலைக்காட்சி நிலையம் திறந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அரசாங்கத்தின் ஒரே துறையாக ஒரே குன்றின்மேல் இயங்கின. 1974 ஜூலை 7ஆம் தேதி மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் மோதிய உலகக் கிண்ண இறுதியாட்டம்தான் இங்கு வண்ணத்தில் வந்த முதல் நேரடி ஒளிபரப்பு.

தொலைக்காட்சியில் தமிழுக்கு வாரத்தில் சில மணி நேரம்தான். தமிழ்ப் படம் வரும் நாளில் ஒரு வீட்டில் நாலு வீட்டார் கூடுவார்கள். மற்ற நேரத்தில் தமிழர் வீடுகளின் துணை வானொலிதான். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் கம்பெனிக் கதைகளில் இது விடுபட்டுப்போகும். 1960களின் இறுதியில் மக்கள் கம்பத்து (கிராமத்து) வீடுகளை விட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ என்ற நகைச்சுவைத் தொடர் நாடகத்தை அப்போதுதான் வானொலிக்கு எழுதினார். மின்தூக்கி, பக்கத்து வீட்டுக்காரர், நடைபாதை என்று எல்லாமே கேட்பவர் அன்று காலையில் கண்டவை. சென்னையிலிருந்து வரும் எந்தப் படமும் அதைத் தந்திருக்க முடியாது. வானொலியில் பணியாற்றிய அவரேதான் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் தமிழ் வானொலிக்கு ஏற்றபடி எழுதினார். பின்னாளில், 2008ல், கலாசாரப் பதக்கம் பெற்றார்.

அந்த நாடகங்கள் உருவான விதத்தை நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் பார்க்க முடிந்தது. நடிகர்கள் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நிற்பார்கள். தூரத்தில் இருந்து வருபவராக நடிக்க வேண்டுமென்றால் நாலடி பின்வாங்கி, முகத்தைத் திருப்பிப் பேச வேண்டும். தாள் புரட்டும் சத்தம் ஒலிவாங்கியில் விழாமலிருக்க, முடித்த பக்கத்தை மெல்லத் தரையில் நழுவவிடுவார்கள். பதிவு ஸ்பூல் நாடாவில். நாடா விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். ஒருவர் இருமிவிட்டால் அந்த இருமல் நாடாவில் எங்கிருக்கிறது என்று ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக் கேட்டு, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, சவர பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைக்க வேண்டும். நேராக வெட்டினால் இணைப்பில் ‘டப்’ என்று சத்தம் கேட்கும், அதற்காகத்தான் சாய்வு. நல்ல படைப்பாளர் வெட்டினால் மூச்சு விடும் இடம்கூடத் தப்பாது. அரை மணி நேர நாடகத்துக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்க வேலை இருக்கும். இந்த உழைப்புக்கு எந்தச் சந்தைக் கணக்கும் நியாயம் சொல்லியிருக்காது. மாதச் சம்பளம் தரும் பொது நிறுவனம் இருந்ததால்தான் அது நடந்தது.

1980 பிப்ரவரி 1ஆம் தேதி அரசுத் துறை என்ற நிலை மாறிச் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் பிறந்தது. சட்டத்தால் அமைந்த கழகம், தனக்கென்று வரவு செலவு பார்த்துக்கொள்ளலாம். அந்நாளில் தமிழ் வானொலிக்கு வானொலி 4 என்று பெயர். இன்றைய ஒலி 96.8 அதன் வாரிசு.

இதே காலத்தில் நடந்த ஒன்றைத்தான் உங்கள் முதல் கேள்விக்கு வலுவான சான்றாக எடுத்துவைப்பேன். 1979ல், பொதுச் சீனமான மாண்டரினைப் பேசும் இயக்கம் தொடங்கியது. அதையொட்டி 1980களின் தொடக்கத்தில் ஹொக்கியன், கேன்டனீஸ் போன்ற கிளைமொழி நிகழ்ச்சிகள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் படிப்படியாக விலக்கப்பட்டன. அந்த மொழிகளுக்கு அன்று தமிழைப்போலப் பல மடங்கு நேயர்கள். விளம்பரதாரர்களும் அவர்களிடம்தான் இருந்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேகூட வீட்டில் சீனக் கிளைமொழி பேசுவோர் 8.7 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஆள் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் எது நின்றிருக்கும், எது போயிருக்கும்? நடந்தது நேர்மாறு. ஆட்சிமொழிகளாக அரசியலமைப்பில் எழுதப்பட்டிருப்பவை மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு. அந்த நான்கில் ஒன்றாக இருந்தது நம்மைக் காப்பாற்றியது. சீனப் பாட்டிமார்கள் தங்கள் வானொலிக் கதைகளை இழந்து தவித்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நமக்குக் கிடைத்ததன் மதிப்பை அவர்கள் இழப்பை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இனி தனி ஒளிவழி வந்த வழியைப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் தமிழின் வரலாறு ஏறக்குறைய முழுவதும் ஒண்டுக்குடித்தன வரலாறுதான். முதலில் ஒளிவழி 8ல் சீனத்தோடு இருந்தோம். 1984 ஜனவரி 31ஆம் தேதி ஒளிவழி 12 தொடங்கியது. 1994 அக்டோபர் 1ஆம் தேதி கழகம் தனியார்மயமாகி, தொலைக்காட்சிக்கு ஒரு கம்பெனி, ஒளிவழி 12க்கு ஒரு கம்பெனி, வானொலிக்கு ஒரு கம்பெனி என்று பிரிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒளிவழி 12 இரண்டானது. அதில் பிரைம் 12 என்ற பிரிவில் மலாய் நிகழ்ச்சிகளோடு தமிழும் குடியேறியது. ஒளிவழி 8 முழுக்கச் சீனத்துக்கு என்றாயிற்று. 2000 ஜனவரி 30ஆம் தேதி மலாய்க்கு சூரியா என்று தனி ஒளிவழி வந்தது. நாம் சென்ட்ரல் என்ற புதிய ஒளிவழிக்குப் போனோம். அங்கே குழந்தைகள் நிகழ்ச்சியும் கலை நிகழ்ச்சியும் பக்கத்து அறைகள். வசந்தம் சென்ட்ரல் என்ற பெயர் அப்போது வந்ததுதான். 2008 அக்டோபர் 19ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள் முன்னால், வசந்தம் தனி ஒளிவழியாயிற்று. குழந்தைகள் நிகழ்ச்சிகளும் கலை நிகழ்ச்சிகளும் ஒக்டோ என்ற பெயரில் விலகிக்கொண்டன.

தேதிகள் எல்லாம் பதிவில் இருப்பவை. காரணத்தைப் பற்றி நான் சொல்லப்போவது ஊகம். 1980களில் ஒளிவழி 8ன் சீன நாடகங்கள் பெரும் வெற்றி கண்டன, வெளிநாடுகளுக்கும் விலைபோயின. அந்த ஒளிவழியில் தமிழுக்கு ஒதுக்கிய ஒவ்வொரு மணி நேரமும் விற்பனைப் பிரிவுக்கு விளம்பர இழப்பாகத்தான் தெரிந்திருக்கும். தமிழை நிறுத்தவும் முடியாது, அங்கேயே வைத்திருக்கவும் மனமில்லை. புதிய இடம் உண்டாக்கி அங்கே மாற்றுவதுதான் எல்லாருக்கும் தோதான வழி. அதனால் நமக்கு நேரமும் கூடியது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நகர்வுகளின் வரிசையைப் பார்த்து நானாக எடுத்த முடிவு. தமிழுக்கு அதிக நேரம் வேண்டும் என்று சமூகத் தலைவர்களும் நேயர்களும் விடாமல் கேட்டுவந்ததும் உண்மை. எதன் பங்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்த என்னால் ஆகாது.

போட்டி வந்திருந்தால் தமிழ் இன்னும் வளர்ந்திருக்குமே என்று சிலர் கேட்பார்கள். போட்டி வந்தது. 2001ல் பத்திரிகை நிறுவனமான சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ், மீடியாவொர்க்ஸ் என்ற பெயரில் தொலைக்காட்சிக்குள் இறங்கியது. ஒன்று மாண்டரினுக்கு, ஒன்று ஆங்கிலத்துக்கு என இரண்டு ஒளிவழிகள். தமிழுக்கு எதுவும் இல்லை. இந்தச் சிறிய சந்தையில் இருவருமே நஷ்டப்பட்டு, 2004 இறுதியில் தொலைக்காட்சித் தொழிலை இணைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து இலவசத் தொலைக்காட்சி முழுவதும் மீண்டும் ஒரே நிறுவனத்திடம். பிரஸ் ஹோல்டிங்ஸ் தன்னிடம் மிச்சமிருந்த மீடியாகார்ப் பங்குகளை 2017ல் 1 கோடியே 80 லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்றுவிட்டு வெளியேறியது. வானொலியில் ஒலி 96.8க்குப் போட்டியாக உள்ளூரில் யாரும் தமிழ்ப் பண்பலை தொடங்கவில்லை. ஜொகூர் பக்கமிருந்து எல்லை தாண்டி வரும் மலேசியத் தமிழ் அலைகள்தான் போட்டி. உட்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு அவை நன்றாகவே கேட்கும்.

இரண்டாவது கேள்வி, மீடியாகார்ப் யாருடையது? 1994ல் பிரிந்த கம்பெனிகளுக்கு மேலே இருந்த குழுமம் 1999ல் மீடியாகார்ப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி சேனல் நியூஸ்ஏஷியா தொடங்கியது. இன்று சிஎன்ஏ என்று வட்டாரம் முழுக்கத் தெரிவது அதுதான். நிறுவனம் முழுவதும் தெமாசெக் ஹோல்டிங்ஸின் கையில்; தெமாசெக் சிங்கப்பூர் நிதியமைச்சுக்குச் சொந்தம். ஆகவே அரசுத் துறையும் இல்லை, நம்மூரில் சொல்லும் பொருளில் தனியாரும் இல்லை. கம்பெனிச் சட்டப்படி நடக்கிறது, விளம்பரம் விற்கிறது, அதே வேளையில் பொதுச்சேவை ஒளிபரப்புக்கென்று அரசு தரும் பணத்தில் தமிழ், மலாய் நிகழ்ச்சிகள், சிறுவர் நிகழ்ச்சிகள், செய்தி ஆகியவற்றைத் தயாரிக்கிறது. முன்பு தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகள் ஆண்டுக்கு 110 வெள்ளி உரிமக் கட்டணம் கட்டின. 2011ல் அதை ரத்து செய்துவிட்டார்கள். பணம் இப்போது அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. வசந்தத்தில் ஓடும் விளம்பரங்களைப் பார்த்து அவற்றால்தான் ஒளிவழி நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீடுகளில் செயற்கைக்கோள் தட்டு வைத்துக்கொள்ள இங்கே பொதுவாக அனுமதியில்லை. தமிழ்நாட்டில் 1990களில் சன் டிவி வந்ததும் தூர்தர்ஷனை விட்டு மக்கள் நகர்ந்த மாதிரி இங்கே ஒரே வீச்சில் நடக்கவில்லை. கேபிள் வந்து, சந்தா கட்டி, தமிழ்நாட்டு ஒளிவழிகள் வீட்டுக்குள் வரும்வரை உள்ளூர்த் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் போட்டி, தேக்காவில் வாடகைக்குக் கிடைத்த வீடியோ ஒளிநாடாக்கள்தான். அந்த இடைவெளியில் உள்ளூர் நாடகக் கலைஞர்கள், தொகுப்பாளர்கள், எழுத்தாளர்கள் ஒரு தலைமுறையே கைப்பழகி வந்தது. இது திட்டமிட்டுக் கிடைத்த பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விளைவு நமக்கு நல்லதாக அமைந்தது.

தனி ஒளிவழி வந்தபின் வேலை செய்யும் முறையும் மாறியது. நாடகங்கள் பலவற்றை வெளியே உள்ள சிறு தயாரிப்பு நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். பலர் தொழில் தொடங்க அது வழிவிட்டது. ஆனால் நடிகரும் எழுத்தாளரும் ஒளிப்பதிவாளரும் பெரும்பாலும் தொடருக்குத் தொடர் ஒப்பந்தக்காரர்கள். ஒரு தொடர் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை வகுப்பு எடுப்பவர்களும் மேடையில் தொகுத்து வழங்குபவர்களும் உண்டு. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நாடாவை வெட்டி ஒட்டிய அந்த மாதச் சம்பளக்கார உலகம் போய்விட்டது. கருவிகள் கைக்குள் அடங்கிவிட்டன, சந்தோஷம்தான். ஒரு வசனத்தைப் பத்துத் தடவை ஒத்திகை பார்க்கும் அவகாசம் சுருங்கியது எனக்கு வருத்தம்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இது நிலைக்குமா என்பதற்கு, இரண்டு பக்கமும் சொல்கிறேன். 2010 கணக்கெடுப்புக்குப் பிறகு வீட்டில் ஆங்கிலம் பேசும் பழக்கம் எல்லா இனத்திலும் ஏறிவிட்டது. 2020ல் மொத்தத்தில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் வீடுகளும் விதிவிலக்கில்லை. பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டிப் பக்கமே வருவதில்லை, கைப்பேசியில் என்ன வருகிறதோ அதுதான். இது கவலை தரும் பக்கம்.

இந்த எண்ணிக்கையில் அடங்காத ஒரு பெரிய கூட்டமும் உண்டு. நான் மேலே சொன்ன விழுக்காடுகள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் கணக்கில் எடுத்தவை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள், உங்களைப் போல வேலை அனுமதியில் வந்தவர்கள், யாரும் அதில் இல்லை. ஒலி 96.8ன் நேயர் அழைப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பாருங்கள்; புதுக்கோட்டைப் பேச்சும் மன்னார்குடிப் பேச்சும் தோ பாயோவில் பிறந்தவர் பேச்சும் அடுத்தடுத்து வரும். 2020ல் கொவிட் தொழிலாளர் தங்குவிடுதிகளுக்குள் பரவியபோது, என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதை நம்பகமான தமிழில் உடனே சொல்ல இந்த ஊரில் ஏற்கெனவே ஆட்களும் கூடங்களும் இருந்தன. அந்த நேரத்தில் புதிதாக ஒரு தமிழ்ச் செய்திப் பிரிவை யாராலும் உருவாக்கியிருக்க முடியாது.

தொழில்நுட்பம் கொண்டுவந்த மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். 2019 ஜனவரி 2ஆம் தேதியோடு அனலாக் ஒளிபரப்பு நின்றது. மீடியாகார்ப் கால்டிகாட் குன்றை விட்டு ஒன்-நார்த்தில் ஸ்டார்ஸ் அவென்யூவுக்குப் போய்விட்டது. அந்தப் புதிய வளாகம் 2015 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2013ல் டோகல் என்று தொடங்கிய இணையச் சேவை 2020 ஜனவரியில் மீவாட்ச் ஆனது. 1963லிருந்து 2008வரை நம் பிரச்சினை இடம்: எந்த ஒளிவழியில், எத்தனை மணி நேரம்? இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இனி இடத்தை வைத்துப் பேரம் பேச முடியாது, பார்ப்பவரைக் காட்டித்தான் பேச முடியும். ஆட்சிமொழி என்ற தகுதி இருக்கும்வரை தமிழ்ச் செய்தியும் அடிப்படை நிகழ்ச்சிகளும் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளூர் நாடகத்தைப் பற்றி அவ்வளவு உறுதி சொல்ல மாட்டேன். செலவு அதிகம் பிடிப்பது அது. தமிழ்நாட்டுத் தொடர்கள் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கும்போது, முதலில் குறையக்கூடியதும் அதுதான். ஆனால் பொங்கோல் வீட்டில் நடக்கும் கதையைச் சென்னையில் யாரும் எடுக்கப்போவதில்லை.

உங்களுக்கு இதில் ஆர்வம் தொடர்ந்தால், விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மேல்தளங்களில் லீ கோங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. தமிழ்ச் சேகரிப்பும் அங்கே உண்டு. நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேடிப் படிக்கலாம். ஒவ்வொரு பத்தாண்டிலும் ஓர் இதழை எடுத்து வானொலி, தொலைக்காட்சி பற்றிய செய்திகளை மட்டும் பாருங்கள், நான் சொன்ன மாற்றம் தேதியோடு தெரியும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் பழைய ஒலிபரப்பாளர்களின் நேர்காணல்களும் உண்டு. அவற்றில் சிலவற்றை இணையத்திலேயே கேட்கலாம், மற்றவற்றுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எந்தக் காலம், எந்த நிகழ்ச்சி என்று குறிப்பிட்டு மறுபடி கேட்டால், வானொலிப் பக்கம் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.